பாலில் விழுந்த பல்

என் முன்பல் கறுத்துப்போனதற்கு நான் மட்டும்தான் காரணம். தண்ணீர் மேல் பழி போட முடியாது, வெற்றிலை மேல் போட முடியாது, பரம்பரை மேலும் போட முடியாது. எங்கள் நைனா அறுபது வயதிலும் கரும்பைக் கடித்து இழுத்தவர். அப்படிப்பட்ட பற்கள் எனக்கும் வாய்த்திருந்தன. நான்தான் அந்தச் சொத்தைக் கொண்டுபோய் கலர் பாட்டில் மூடியில் வைத்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. மாகறலில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். அந்தக் காலத்தில் எங்கள் உத்திரமேரூர் பக்கத்துக் கல்யாணங்களில் வருகிறவர்களுக்குக் 'கலர்' கொடுத்துத்தான் வரவேற்பார்கள். ஆரஞ்சும் திராட்சையுமாகச் சோடா பாட்டில்கள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். பாட்டிலைத் திறக்கிற ஓபனர் மட்டும் கண்ணில் படாது. யாரோ ஒருவர் அதை இடுப்பில் செருகிக்கொண்டு பந்தியில் உட்கார்ந்திருப்பார். அதனால் இளவட்டங்கள் பல்லாலேயே திறப்போம். விவரம் தெரிந்தவர்கள் கடைவாயில் வைத்துத் திறப்பார்கள். கடைவாயில் வைத்தால் முகம் கோணுகிறது, எதிரே பெண் வீட்டுப் பெண்கள் நிற்கிறார்கள் என்று நான் முன்பல்லில் வைத்துத் திறந்தேன். முதல் பாட்டில் திறந்தது. அடுத்ததும் திறந்தது.

"டேய், இவன் பல்லு இன்னா இரும்புல செஞ்சதாடா?" என்றான் கூட நின்ற ஒருவன்.

அந்த ஒரு வார்த்தைக்காக மீதிப் பெட்டியையும் நானே திறந்தேன். கடைசி பாட்டிலில் 'டக்' என்று ஒரு சத்தம். மூடி திறந்துவிட்டது என்று நினைத்தேன். மூடி அப்படியேதான் இருந்தது.

கொஞ்ச நாள் வலித்து, பிறகு வலியும் நின்றுவிட்டது. பல் உடையவில்லை, ஆடவும் இல்லை. தப்பித்தோம் என்று ஊர் சுற்றிக்கொண்டிருந்தேன். உள்ளே அது செத்துப்போய்விட்டது, எனக்குத்தான் தகவல் வரவில்லை. முதலில் மஞ்சளானது. அப்புறம் பழுப்பானது. அப்புறம் நாவல்பழம் தின்றவன் நாக்கு மாதிரி ஒரு நிறத்துக்கு வந்து அங்கேயே நின்றுகொண்டது. வாயின் நட்டநடுவில், மேல்வரிசையில், மறைக்க வழியில்லாத இடத்தில்.

நான் செய்யாத வைத்தியம் இல்லை. அடுப்புக்கரியும் உப்பும் சேர்த்துத் தேய்த்தேன். எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்தேன், மற்ற பற்களெல்லாம் கூசி, சாதாரணத் தண்ணீரைக்கூடச் சுடவைத்துக் குடிக்கும்படி ஆயிற்று. அப்போது உத்திரமேரூரில் ஒரு விதை, உரக் கடையில் பில் போடும் வேலை எனக்கு. பில்லில் தப்பு வந்தால் அழிக்க வெள்ளை மை ஒரு சின்ன புட்டியில் இருக்கும். ஒரு மத்தியானம் கடையில் யாரும் இல்லாதபோது, சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியைப் பார்த்து, அந்த மையைப் பல்லில் தடவிவிட்டேன். ரசாயன நாற்றம் மூளை வரைக்கும் ஏறியது. ஆனாலும் பல் வெள்ளை! அந்த நேரம் பார்த்து ஒருவர் யூரியா கேட்டு வந்தார். "எத்தினி மூட்டை?" என்று கேட்டேன். பாதி வெள்ளை உரிந்து என் உதட்டில் ஒட்டிக்கொண்டது. அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தம்பி, மருந்து மூட்டையெல்லாம் தொட்டுட்டு அப்டியே வாயில கைய வெக்காதப்பா," என்றார் அக்கறையாக.

அதற்குப் பிறகு வைத்தியத்தை விட்டுவிட்டு, வாயை மூடிக்கொள்ளும் வழிக்கு வந்தேன். சிரிப்பு வந்தால் உதட்டை இறுக்கிக்கொள்வேன். பேசினால் மேலுதட்டைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டு பேசுவேன். இதில் எதிர்பாராத லாபம் ஒன்று கிடைத்தது. ஊரில் எனக்கு நல்ல பெயர் வந்துவிட்டது. "அந்தக் கடையில பில் போடுற பையன் கீறானே, சிரிக்கவே மாட்டான். கணக்குன்னா கணக்குதான்," என்று விவசாயிகள் பேசிக்கொண்டார்கள். முதலாளிக்கு ஏகப்பட்ட சந்தோஷம். எனக்குப் பொறுப்பானவன், அழுத்தமானவன் என்றெல்லாம் பட்டம். ஒரு செத்த பல்லை வைத்துக்கொண்டு இவ்வளவு மரியாதை சம்பாதித்தவன் அந்த வட்டாரத்தில் வேறு எவனும் இருந்திருக்க மாட்டான்.

அந்தப் பெயரோடுதான் சாலவாக்கம் பக்கம் பெண் பார்க்கப் போனேன். கேசரியை நுனி ஸ்பூனில் எடுத்து, உதட்டைப் பிரிக்காமல் உள்ளே தள்ளினேன். பெண் காபி கொண்டுவந்தாள். கொடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்து, லேசாகச் சிரித்தாள். எனக்கு உள்ளுக்குள் யாரோ தபேலா வாசித்தார்கள். வெளியே ஜப்தி செய்ய வந்த அதிகாரி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். பெண்ணின் அப்பா பெரிய மனசோடு, "மாப்ள, தனியா எதுனா பேசணும்னா பேசுங்க," என்றார். தனியாகப் பேசுவதென்றால் பக்கத்தில் நின்று வாயைத் திறக்க வேண்டும். வேண்டாம் என்று வேகமாகத் தலையை ஆட்டிவிட்டேன்.

"பையன் நல்ல அழுத்தம்," என்று அவர் என் நைனாவிடம் சொன்னது காதில் விழுந்தது. "இந்த வயசுப் பசங்க எப்பப் பார்த்தாலும் பல்லக் காட்டிக்கினு கீறானுங்க. இவுரு அப்டியில்ல."

நிச்சயம் ஆனது. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போனது. தாலி கட்டின பிறகு என்றைக்காவது ஒருநாள் வாயைத் திறந்துதானே ஆக வேண்டும்? அப்போது அவள் என்ன நினைப்பாள்? 'இதை மறைத்துத்தான் கட்டினாயா' என்று கேட்டால் நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு பதில் சொல்வேன்? அவளுக்குத் தெரிவதற்குள் பல்லை மாற்றிவிட வேண்டும் என்று முடிவு செய்து, வீட்டில் சொல்லாமல் காஞ்சிபுரத்துக்குப் பஸ் ஏறினேன்.

பல் டாக்டர் ஒரு பெண். என் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, "எப்படி ஆச்சு?" என்று கேட்டார். "கீழே விழுந்துட்டேன்," என்றேன். கலர் பாட்டில் என்று சொல்ல வாய் வரவில்லை.

"இதை வெளுக்க வைக்க முடியாதா டாக்டர்? ஏதோ மருந்து இருக்குதாமே?"

"டீ கறை, வெத்தலைக் கறைன்னா வெளுக்கலாம். அது மேல படிஞ்சது. இது உள்ளேயே செத்துப்போன பல்லு. மேல எவ்வளவு மருந்து போட்டாலும் ஏறாது. வேரைச் சுத்தம் பண்ணிட்டு உள்ளுக்குள்ள மருந்து வெச்சு வெளுக்குறதும் உண்டு. ஆனா உங்க பல்லுல கீறல் இருக்கு, தாங்காது. சுத்திலும் ராவிச் சின்னதாக்கிட்டு, மேல உறை மாதிரி கேப் போட்டுக்கிறதுதான் நல்லது."

சரி என்றேன். அவர் ஒரு சின்னப் பெட்டியைத் திறந்தார். உள்ளே வரிசையாகப் பற்கள். பெயிண்ட் கடையில் நிறம் காட்டுகிற அட்டை மாதிரி, வெள்ளையிலிருந்து பழுப்பு வரைக்கும் சாயல் சாயலாக இருந்தன. ஒவ்வொன்றாக என் பற்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நான் ஓரத்தில் இருந்ததைக் காட்டினேன். இருப்பதிலேயே அதுதான் வெள்ளை.

"இது உங்க மத்த பல்லோட சேராதுங்க. இவ்வளவு வெள்ளை வேணும்னா மொதல்ல மத்த பல்லையெல்லாம் வெளுத்துட்டு, அப்புறம் அதுக்கு ஏத்த மாதிரி கேப் செய்யணும். செஞ்ச பிறகு கேப் நிறத்தை மாத்தவே முடியாது."

"பரவால்ல டாக்டர், வெள்ளையே இருக்கட்டும்," என்றேன். இத்தனை வருஷம் கறுப்புப் பல்லோடு இருந்தவனுக்கு வெள்ளையில் அளவு என்று ஒன்று இருப்பது தெரியவில்லை. அவருக்கும் என்னோடு வாதாட நேரமில்லை. வேரைச் சுத்தம் செய்தார். பல்லைச் சுற்றிலும் ராவினார். கேப் சென்னையிலிருந்து செய்து வர வேண்டும். வருவதற்குள் கல்யாணம் வந்துவிட்டது. அதுவரைக்கும் பிளாஸ்டிக்கில் ஒரு தற்காலிகப் பல்லை, அதே வெள்ளையில், மேலே ஒட்டி அனுப்பினார்.

"திரும்பக் கழட்டணும்ல, அதனால லேசாத்தான் ஒட்டியிருக்கேன். முன்பல்லால எதையும் கடிக்காதீங்க."

கல்யாணத்துக்கு முந்தின நாள் மாலை வரவேற்பு. மேடை ஏறியதும் வீடியோக்காரர் விளக்கை என் முகத்தில் அடித்தார். நான் சிரித்தேன். அது நாள் வரைக்கும் சேர்த்து வைத்திருந்த சிரிப்பு முழுவதையும் சிரித்தேன். வந்தவர்களைப் பார்த்துச் சிரித்தேன், போனவர்களைப் பார்த்துச் சிரித்தேன், பன்னீர் தெளிக்கிறவரைப் பார்த்தும் சிரித்தேன். என் நண்பன் காதருகே வந்து, "இன்னாடா, சரக்கு எதுனா போட்டுக்கீறியா?" என்று கேட்டான். அவனைப் பார்த்தும் சிரித்தேன். பக்கத்தில் நின்ற மணப்பெண் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொருமுறை பார்த்தாள். என் அழகில் சொக்கிப்போய்விட்டாள் என்று எடுத்துக்கொண்டேன். அந்த ஆல்பம் இன்னும் இருக்கிறது. மஞ்சள் பற்களின் நடுவே அந்த ஒற்றைப் பல் மட்டும் ஃபிளாஷ் வெளிச்சத்தைத் திருப்பி அடித்துக்கொண்டிருக்கிறது.

காலையில் தாலி கட்டினேன். எந்த ஆபத்தும் இல்லை. எங்கள் வீட்டுக்கு வந்து, வாசலில் ஆரத்தி எடுத்து, உள்ளே உட்காரவைத்துப் பால் பழம் கொடுத்தார்கள். வெள்ளி டம்ளரில் பாலை ஊற்றி, வாழைப்பழத்தை நறுக்கிப் போட்டு, சர்க்கரையும் போட்டிருப்பார்கள். மாப்பிள்ளை கொஞ்சம் குடித்துவிட்டுத் தர, மீதியைப் பெண் குடிக்க வேண்டும். கொடுத்தவர் என் அத்தை, நைனாவின் தங்கை. அவர் எதைச் செய்தாலும் முழு பலத்தோடு செய்வார். டம்ளரை என் வாயில் வைத்து, கன்றுக்குட்டிக்கு மருந்து புகட்டுகிற மாதிரி ஒரே சாய்ப்பாகச் சாய்த்தார். டம்ளர் விளிம்பு முன்பல்லில் 'ணங்' என்று மோதியது.

நாக்கால் தொட்டுப் பார்த்தேன். பல் இல்லை. அங்கே ராவி விட்ட கறுப்புக் குச்சி ஒன்று நின்றுகொண்டிருந்தது.

டம்ளருக்குள் பார்த்தேன். வெள்ளைப் பால், வெள்ளைப் பழத்துண்டு, வெள்ளைப் பல். எது எது என்று யாருக்குத் தெரியும்? அதற்குள் அத்தை டம்ளரைப் பெண் பக்கம் கொண்டுபோய்விட்டார். நிறுத்துங்கள் என்று சொல்ல வேண்டும். சொல்ல வேண்டுமென்றால் வாயைத் திறக்க வேண்டும். சுற்றிலும் அவள் வீட்டார், என் வீட்டார், தலைக்கு மேல் வீடியோ விளக்கு. "ம்ம்! ம்ம்!" என்றேன்.

"இர்றா, அவசரம். உனக்குக் குடுத்தாச்சில்ல?" என்றார் அத்தை. எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் குடித்தாள். கடைசிவரைக்கும் குடித்தாள். ஒரு கணம் அவள் கன்னம் அசைவது நின்றது. பிறகு கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள். விழுங்கிவிட்டாளா, இல்லையா? முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அன்றைய மத்தியானத்தை என் எதிரிக்கும் கொடுக்கக் கூடாது. கல்யாணச் சாப்பாட்டில் ரசத்தை மட்டும் உறிஞ்சினேன். "மாப்ள, நேத்து மாதிரி சிரிங்க!" என்று கெஞ்சிக் கெஞ்சிப் பார்த்த போட்டோக்காரர், கடைசியில் என்னை விட்டுவிட்டு வாழைமரத்தை எடுக்கப் போய்விட்டார். பிளாஸ்டிக் பல்லை விழுங்கினால் ஏதாவது ஆகுமா? யாரிடம் போய்க் கேட்பது? 'என் பல்லை உங்கள் பெண் சாப்பிட்டுவிட்டாள்' என்று மாமனாரிடம் எப்படி ஆரம்பிப்பது? உதட்டைக் கவ்விக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தேன். "பாரு, தாலி கட்டின ஒடனே எவ்ளோ பொறுப்பு வந்துடுச்சி," என்று யாரோ என்னைக் காட்டிச் சொன்னார்கள்.

சாயங்காலம் நலங்கு. வாய் குறுகிய பித்தளைக் குடத்தில் மஞ்சள் தண்ணீர் நிரப்பி, அதில் ஒரு மோதிரத்தைப் போட்டு, இரண்டு பேரையும் கை விட்டுத் தேடச் சொல்வார்கள். யார் எடுக்கிறார்களோ அவர்கள் கைதான் வீட்டில் ஓங்கும் என்று கேலி பேசுவார்கள். பெண் பக்கம் ஒரு கூட்டம், என் பக்கம் ஒரு கூட்டம். எனக்கு விளையாடும் நிலைமையே இல்லை. இருந்தும் கையை விட்டேன். அவளும் விட்டாள்.

தண்ணீருக்குள் அவள் விரல்கள் மோதிரத்தைத் தேடவில்லை. என் கையைத் தேடின. பிடித்து, உள்ளங்கையை விரித்து, எதையோ வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடின. சின்னது. லேசானது. ஒரு ஓரம் கூராக இருந்தது.

எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அவளுக்குத் தெரிந்துவிட்டது. காலையிலிருந்தே தெரிந்திருக்கிறது. எல்லோர் முன்னாலும் துப்பிக் காட்டியிருக்கலாம், அம்மாவைக் கூப்பிட்டு அழுதிருக்கலாம். கைக்குட்டையில் முடிந்து வைத்துக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் கொடுக்க இந்தக் குடம் வரைக்கும் காத்திருந்திருக்கிறாள். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் குடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுகணம் மோதிரத்தோடு கையை வெளியே எடுத்தாள்.

"மாப்ள தோத்துட்டாரு!" என்று பெண் வீட்டார் கத்தினார்கள்.

மறுபடியும் போட்டார்கள். மறுபடியும் தோற்றேன். கைக்குள் பல்லை வைத்துக்கொண்டு எவன் மோதிரம் எடுக்க முடியும்? "கைய விரிச்சித் தேடேண்டா!" என்று என் அத்தை தலையில் அடித்துக்கொண்டார். நான் மூடிய கையாலேயே தண்ணீரைக் கலக்கிக்கொண்டிருந்தேன்.

கூட்டம் கலைந்து பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு போனபோது, அவள் முதல்முறையாக என்னிடம் பேசினாள். மெதுவாக, வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

"எந்த ஊர் டாக்டரு?"

"காஞ்சிபுரம்."

"நானும் வரேன்."

கல்யாணம் ஆனதும் நாங்கள் முதன்முதலாகச் சேர்ந்து போனது பல் டாக்டரிடம்தான். வீட்டில் கோயிலுக்கு என்று சொல்லியிருந்தோம். அம்மா தேங்காய், பழம், பூ எல்லாம் பையில் போட்டுக் கொடுத்திருந்தார். அந்த அர்ச்சனைப் பையை மடியில் வைத்துக்கொண்டு, பல் டாக்டரின் பெஞ்சில், சொத்தைப் பல்லுக்குக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்தவர்களோடு உட்கார்ந்திருந்தோம்.

சென்னையிலிருந்து கேப் வந்திருந்தது. டாக்டர் அதைச் சும்மா மாட்டிக் காட்டினார். நான் கேட்ட அதே வெள்ளை. என் மனைவி பக்கத்தில் வந்து நின்று பார்த்தாள்.

"இது வாணாம் டாக்டர். இவுரு பல்லு மாதிரியே இல்ல. தனியா ட்யூப்லைட் போட்ட மாதிரி கீது."

"நான் அப்பவே சொன்னேம்மா. அவர் கேக்கல," என்றார் டாக்டர். கேப்பைக் கழற்றி வைத்துவிட்டு, அந்தப் பெட்டியை எடுத்து அவளிடமே நீட்டினார். அவள், புடவைக்கு ரவிக்கைத் துணி பார்க்கிற மாதிரி, ஒவ்வொன்றாக என் வாயில் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். கடைசியில் வெள்ளையும் இல்லாத, மஞ்சளும் இல்லாத ஒன்றை எடுத்தாள். என் மற்ற பற்களின் நிறம் அதுதான் என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. அந்த நிறத்தில் வந்த கேப்தான் இன்றும் என் வாயில் இருக்கிறது. மற்ற பற்களெல்லாம் டீயில் ஊறி மங்கிவிட்டன, ஈறும் மேலேறிவிட்டது. அது மட்டும் கல்யாண வயதிலேயே நிற்கிறது.

நிறம் முடிவானதும் டாக்டர் என் கையில் ஒரு சின்னக் கண்ணாடியைக் கொடுத்தார்.

"எங்க, நல்லா சிரிங்க. சிரிக்கும்போது உதடு எவ்வளவு மேல ஏறுதுன்னு பாக்கணும்."

நான் உதட்டை இழுத்தேன். சிரிப்பு வரவில்லை. சந்தையில் மாட்டுக்கு வயது பார்க்கும்போது வாயைப் பிளப்பார்களே, அப்படி ஒன்றுதான் வந்தது.

"அவுருக்கு அது வராது டாக்டர்," என்றாள் அவள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "பொண்ணு பாக்க வந்த அன்னிக்கி நான் சிரிச்சேன், இவுரு சிரிக்கல. தனியா பேசுறீங்களான்னு எங்கப்பா கேட்டாரு, வாணாம்னு தலைய ஆட்டிட்டாரு. என்னப் புடிக்கல, வூட்ல கட்டாயப்படுத்தி முடிக்கிறாங்கன்னே நெனச்சிக்கினு இருந்தேன். என் மூஞ்சில இன்னா கொறன்னு பாத்துப் பாத்து, கடசீல கண்ணாடியவே சொவுத்துப் பக்கம் திருப்பி வெச்சிட்டேன்."

டாக்டரும் சிரித்தார். புதுசாகக் கல்யாணம் ஆனவர்களின் விளையாட்டுப் பேச்சு என்று நினைத்திருப்பார். நான் இங்கே கண்ணாடி கண்ணாடியாகத் தேடிப்போய் ஒரு பல்லைப் பார்த்துக்கொண்டிருந்த அதே நாட்களில், சாலவாக்கத்தில் ஒரு வீட்டில் கண்ணாடி சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறது. ஒரு குறையும் இல்லாத முகம் அது. அவளுக்குத் தெரிந்துவிடுமோ என்று நான் பயந்த பயத்தில், நான் சிரிக்காததை அவள் எப்படி எடுத்துக்கொள்வாள் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது.

"சிரிங்க," என்றார் டாக்டர் மறுபடியும்.

கண்ணாடியை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவள் பக்கம் திரும்பி, அந்தக் கறுப்புக் குச்சிப் பல்லோடு, வாய் கொள்ளுமட்டும் சிரித்தேன். பார்க்கச் சகிக்காமல்தான் இருந்திருக்கும்.

அவள் அர்ச்சனைப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்று பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

"அன்னிக்கே இப்டி சிரிச்சிருக்கலாமில்ல," என்றாள்.